வெயில் படும் பக்கம்

மாலை வெயிலில் துறைமுகத்துப் படகுகளைப் படமெடுப்பது என்று சொன்னவுடனே நம் எல்லோர் மனத்திலும் ஏறக்குறைய ஒரே படம்தான் வந்து நிற்கும். ஆரஞ்சு நிற வானம், வட்டச் சூரியன், அதற்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு படகு, படகில் துடுப்போடு ஓர் ஆள். காலண்டரிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் புத்தக அட்டையிலும் கைப்பேசித் திரையிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அடியில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் எடுத்தவர் யார், எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. காசிமேட்டுப் படகா, கொச்சிப் படகா, தாய்லாந்துப் படகா என்பதும் தெரியாது. நான் இன்று முன்வைக்கும் கருத்து இதுதான்: அந்தப் படத்தில் சூரியன் இருக்கிறது, படகு இல்லை. படகைப் படமெடுக்க வந்தவர் சூரியனுக்கு முதுகையோ தோளையோ காட்டி நிற்க வேண்டும். வெயில் எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதை வெறும் ரசனை விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. நல்ல காரணங்கள் இருக்கின்றன.

கருத்த படகு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அந்தத் தகட்டுக்கு நீலம் மட்டும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய தெரியாது. எனவே கடலுக்கும் நிலத்துக்கும் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். வானத்துக்குச் சரியாகக் கொடுத்தால் மற்றதெல்லாம் இருண்டுவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே இந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் சமாளித்தார். 1857இல் செத் துறைமுகத்தில் எடுத்த பேரலைப் படத்தில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என்று இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் நார்மண்டிக் கரையில் எடுத்த பாய்க்கப்பல் படத்திலோ கேமராவைச் சூரியன் இருக்கும் திசைக்கே திருப்பிக் குறைந்த நேரம் மட்டும் திறந்தார். வானமும் நீரின் மினுமினுப்பும் பதிந்தன, கப்பல் கருத்துப்போனது. பட்டப்பகலில் எடுத்த அந்தப் படத்தை மக்கள் நிலா வெளிச்சத்தில் எடுத்ததாகவே எண்ணினார்கள். நிலவொளியில் கப்பல் என்ற தலைப்பும் அதற்கு நிலைத்தது. மகத்தான கலைஞர் அவர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாம் இன்று அழகியல் விதியாகக் கொண்டாடும் கருத்த படகு, தகட்டின் இயலாமையோடு ஒரு கலைஞர் செய்துகொண்ட உடன்படிக்கையாகத்தான் தொடங்கியது. வண்ண ஸ்லைடு ஃபிலிம் காலத்திலும் அந்த உடன்படிக்கை மாறவில்லை. ஸ்லைடு தாங்கிய ஒளி வித்தியாசம் ஐந்து ஸ்டாப், மிஞ்சினால் ஆறு; அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே 32 மடங்கு, 64 மடங்கு. சூரியனும் படகும் அதற்குள் அடங்கா. ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. எல்லோரும் படகை விட்டுக்கொடுத்தார்கள்.

இன்றைக்கு நல்ல டிஜிட்டல் கேமராவின் சென்சார் 14 ஸ்டாப் வரை தாங்கும்; 16,000 மடங்குக்கு மேல். கைப்பேசியோ அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. லெ கிரே இரண்டு நெகட்டிவில் செய்த வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. அப்படியானால் சூரியனையும் வைத்துக்கொண்டு படகையும் வெளிச்சமாக்கிக்கொள்ளலாமே, எதற்குத் திரும்பி நிற்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெளிச்சம் படுவது வேறு, வெளிச்சத்தைக் கூட்டுவது வேறு. சூரியனுக்கு எதிரே நிற்பவருக்குத் தெரிவது படகின் நிழல் பக்கம். அந்தப் பக்கத்தில் விழுவது வானம் முழுவதிலிருந்தும் பரவி வரும் மங்கலான ஒளி. அதற்குத் திசை கிடையாது. கணினியில் எவ்வளவு தூக்கினாலும் பலகையின் மேடு பள்ளம் எழுந்து வராது, கயிற்றின் முறுக்கு தெரியாது. சாம்பல் பூத்த ஒரு தட்டைப் பரப்புதான் கிடைக்கும். சாய்ந்த வெயில் ஒரு பக்கமாக உரசிக்கொண்டு போகும்போதுதான் ஒவ்வொரு ஆணித்தலையும் தனக்கென்று ஒரு நிழல் வைத்துக்கொள்கிறது. அந்த நிழலை எந்த மென்பொருளாலும் பிறகு கொண்டுவர இயலாது.

லென்ஸின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வானத்தில் சூரியன் அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய அரை டிகிரிதான். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸில் சூரியனின் பிம்பம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. படத்தில் அது ஒரு புள்ளி. காலண்டரில் வருவது போலப் பெரிய சூரியன் வேண்டுமென்றால் 400 மில்லிமீட்டர் டெலி லென்ஸ் வேண்டும். அப்போதும் பிம்பம் நாலு மில்லிமீட்டருக்குள்தான். இனி அதே லென்ஸில் 15 மீட்டர் நீளமுள்ள ஒரு விசைப்படகைப் படத்தின் பாதி அகலத்துக்குக் கொண்டுவர எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 330 மீட்டருக்கும் மேல். பெரிய சூரியனை விரும்புகிறவர் படகைவிட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிலோமீட்டர் விலகிப் போயே ஆக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அணியத்தில் எழுதிய பெயரும் தெரியாது, மேல்தளத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதும் தெரியாது. 35 மில்லிமீட்டர் லென்ஸோடு வருகிறவருக்கு அதே படகு 30 மீட்டரில் முழுதாக அடங்கும். வலையோரம் உட்கார்ந்திருப்பவரைப் படமெடுக்க மூன்று மீட்டர் போதும், அவரோடு பேசிக்கொண்டே எடுக்கலாம். சூரியனின் அளவு பெருகப் பெருகப் படகுக்கும் நமக்கும் உள்ள தொலைவும் பெருகுகிறது என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை, இது வடிவியல்.

இதற்கு மேல் நம் ஊர்க் கடற்கரைக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. பழவேற்காடு முதல் கோடியக்கரை வரை சோழமண்டலக் கரை கிழக்கே பார்த்துக் கிடக்கிறது. காசிமேட்டிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ மாலைச் சூரியன் கடலில் விழுவதில்லை. ஊருக்குப் பின்னால், நிலத்தில் மறைகிறது. இதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு கன்னியாகுமரிக்கோ கோவாவுக்கோ போகிற படக்காரர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வரமாகத் தெரிகிறது. கரையில் கடலைப் பார்த்து நின்றாலே போதும், சூரியன் தானாக நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. கட்டியிருக்கும் படகுகள் மேல் வெயில் முழுதாக விழுகிறது. அவற்றுக்குப் பின்னால் கடல் இருண்டுகொண்டே போகிறது. வெளிச்சமான பொருள், இருண்ட பின்னணி என்று ஓவியர்கள் தேடிப்போகும் அமைப்பு நமக்குத் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் கிழக்கு வானம் சும்மா இருப்பதில்லை. அடிவானத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும். அது வளிமண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. மேற்கையே பார்த்து நிற்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பௌர்ணமியன்று ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்திலேயே நிலா கடலிலிருந்து எழும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் நிலவின் முகமும் படகின் விவரமும் ஒரே படத்தில் அடங்கும். மறுநாள் மாலை நிலா முக்கால் மணி நேரம்போலத் தாமதித்து வரும், அதற்குள் படகு இருட்டிவிடும்.

காலத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். புகைப்படக் கையேடுகள் பொன் வேளையை ஒரு மணி நேரம் என்று எழுதுகின்றன. அவை பெரும்பாலும் வட நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்கும். லண்டனில் ஜூன் மாதம் மறைந்த பிறகும் முக்கால் மணிக்கு மேல் நல்ல வெளிச்சம் நிற்கும். நமக்குச் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. சென்னையில் அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலே இருக்கும் சூரியன் மறைய 25 நிமிடம் ஆகும், மறைந்த பின் வேலை செய்யத்தக்க வெளிச்சம் இன்னும் 20 நிமிடம்போல. நகரக் கட்டடங்கள் மேற்கே நிற்கும் இடங்களில் இதிலும் ஒரு பகுதி போய்விடும். சூரியன் மறையும் இடமும் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே ஏறக்குறைய 48 டிகிரி நகர்கிறது. ஆகவே ஒரே படகுத்துறை ஜூனில் ஒரு பக்கமும் டிசம்பரில் வேறு பக்கமும் வெயில் வாங்குகிறது. எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளாதவருக்கு அந்த 25 நிமிடம் நடப்பதிலேயே கழியும்.

வெயில் படும் பக்கத்தில் அப்படி என்னதான் தெரிகிறது? ஒரு விசைப்படகின் பக்கவாட்டை எடுத்துக்கொள்வோம். அடிவானத்தைத் தொடும் சூரியனின் ஒளி, உச்சி வெயிலைவிட 30 மடங்குக்கு மேல் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும்தான் மிஞ்சுகின்றன. அதனால் சிவப்புப் பட்டையும் மஞ்சள் எழுத்தும் கொழுந்துவிட்டு எரிகின்றன. நீலப் பூச்சோ மங்கிக் கருக்கிறது. சூரியன் மறைந்த பத்தாம் நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகிறது. இப்போது படகின் மேல் விழுவது வானத்தின் நீலம் மட்டும். சிவப்பு அடங்கிப்போய், அதுவரை ஒதுங்கியிருந்த நீலப் பலகை முன்னுக்கு வருகிறது. ஒரே படகு அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகாகிவிடுகிறது. அந்த மாற்றம் படத்தில் வர வேண்டுமானால் கேமராவின் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடக் கூடாது. அது மாலை மஞ்சளைக் குற்றமாக எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்திவிட்டு, ஒளி அளவைப் படகின் மேலேயே எடுக்க வேண்டும். அப்போது, போல்ட்டுகளிலிருந்து வழிந்த துருவின் கோடு, உப்பு பூத்த கயிறு, படகின் விளிம்பில் வலை இழுத்து இழுத்துத் தேய்ந்த பள்ளம், வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய பதிவு எண், அதற்குப் பக்கத்தில் மாதாவின் பெயரோ முருகன் பெயரோ பிள்ளையின் பெயரோ, எல்லாம் படிக்கக் கிடைக்கும். பல நாள் தங்கலுக்குப் போகிற படகு என்றால் நொறுக்கிய ஐஸ் அடித்தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், டீசலும் தண்ணீரும் ஏறிக்கொண்டிருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கடலுக்குப் போகாத படகில் என்ன இருக்கிறது என்று படக்காரர்கள் அந்த மாதங்களில் வருவதில்லை. நீருக்கு மேலே முழு உடலையும் காட்டிக்கொண்டு நிற்கும் படகை அப்போதுதான் பார்க்க முடியும்.

நம் இலக்கண மரபிலும் இதற்கு ஆதரவு இருக்கிறது. நெய்தல் நிலத்துக்குச் சிறுபொழுது எற்பாடு என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கடற்கரையையும் சூரியன் மறையும் வேளையையும் முதலில் சேர்த்து வைத்தது நம் மரபுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த மரபு நிலமும் பொழுதும் போதும் என்று நின்றுவிடவில்லை. அவை முதற்பொருள். அதற்கு மேல் கருப்பொருள் வேண்டும்: பறவை, மரம், நீர், மக்கள், மீன் பிடிப்பதும் உப்பு விளைப்பதுமாகிய தொழில். அதற்கும் மேல் உரிப்பொருள், நெய்தலுக்கு இரங்கல். மூன்றில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்று முறையும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த அளவுகோலை வைத்து நம் மாலைப் படங்களைப் பார்த்தால், நிலமும் பொழுதும் நிரம்ப இருக்கும். கருவைக் கறுப்பு மையால் மூடிவிட்டு நேரே இரங்கலுக்குத் தாவுகிறார்கள். யாருடைய இரங்கல், எதற்காக என்று தெரியாத பொதுவான ஒரு சோகம்தான் மிஞ்சுகிறது. கவிதைக்கு வகுத்ததைப் புகைப்படத்துக்குப் பொருத்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். விதியாகப் பொருத்த வேண்டாம். ஆனால் எந்த வரிசையில் பார்க்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்கு வேறெங்கும் அகப்படவில்லை.

கருத்த படகு போன்ற நிழலுருவத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களின் வலுவான வாதம் வடிவம் பற்றியது. விவரங்களைக் களைந்தால் வடிவம் தூய்மையாகத் தெரிகிறது என்கிறார்கள். உண்மைதான், சில பொருள்களுக்கு. கொச்சிக் கோட்டைக் கரையில் நிற்கும் சீனவலையை எடுத்துக்கொள்ளுங்கள். கழிகளும் கயிறுகளும் எதிர் எடைக்குக் கட்டிய கற்களும் வானத்துக்கு எதிரே கோடுகளாக நிற்கும்போதுதான் அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதே புரிகிறது. அங்கே நிழலுருவம் விளக்கப்படமாகவும் வேலை செய்கிறது. பாய் விரித்த கட்டுமரத்துக்கும் இது பொருந்தும். ஆனால் விசைப்படகு வீல்ஹவுஸும் வின்ச்சும் வலைக் குவியலுமாக நெருங்கிக் கிடக்கும் ஒரு பணியிடம். அதைக் கறுப்பாக்கினால் தூய வடிவம் கிடைப்பதில்லை, ஒரு மொத்தைதான் கிடைக்கிறது. மாலையும் கப்பலும் என்றாலே எல்லோரும் சுட்டும் டர்னரின் ‘போரிடும் டெமரேர்’ ஓவியத்தைக்கூடக் கவனித்துப் பாருங்கள். 1805இல் டிரஃபால்கர் போரில் நின்ற டெமரேர் கப்பலை 1838இல் உடைக்க இழுத்துச் சென்றார்கள். மறு ஆண்டு டர்னர் அதைக் காட்சிக்கு வைத்தார். சூரியன் வலப்பக்கத்தில் மறைகிறது, கப்பல் இடப்பக்கத்தில் வெளுத்து நிற்கிறது. சூரியனைக் கப்பலுக்கு நேர் பின்னால் வைக்க அவருக்குத் தடையேதும் இல்லை. திசையையும் பாய்மரங்களையும் தன் விருப்பப்படி மாற்றி வரைந்தவர் அவர். இருந்தும் இரண்டையும் பிரித்தே வைத்தார். கப்பல் நிழலானால் அதன் கதை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

மேற்குக் கரையில் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சூரியன் கடல் பக்கமாகத்தான் இறங்குகிறது. அங்கே கரையில் நின்று கடலைப் பார்த்தால் படகு கருக்கத்தான் செய்யும். அலைத்தடுப்புச் சுவர் மேல் நடந்து போய் ஊரை நோக்கித் திரும்புங்கள். கரையேற்றிய வள்ளங்களும் மணலில் விரித்த வலையும் அவற்றுக்குப் பின்னால் வீடுகளும் தேவாலயக் கோபுரமும் ஒரே வெயிலில் நிற்கும். படகையும் ஊரையும் ஒன்றாகக் காட்டுவதில் மேற்குக் கரைக்கு ஈடில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படும் காரணத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். படகுகள் மறைந்துகொண்டிருக்கின்றன. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல், விலாக்கட்டை இல்லாமல், பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். கட்டுமரத்தில் எத்தனை மரம், எப்படிக் கட்டியிருக்கிறது, ஊருக்கு ஊர் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் இன்று நாம் அவரைப் போன்றவர்களின் பதிவிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். தையல் எந்த இடைவெளியில் ஓடுகிறது என்பதை நிழலுருவம் சொல்லாது. சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும் அரை மணி நேரத்தில் எடுத்த ஒரு படம் அதைச் சொல்லிவிடும். நம் காலத்தில் ஃபைபர் படகு கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் இன்னும் வேகம் கொண்டது. எஞ்சியிருக்கும் கட்டுமரங்களையும் சூரியனுக்கு முன்னால் நிறுத்திக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தால், நம் பிள்ளைகளுக்கு எத்தனை ஆயிரம் படம் இருந்தும் ஒரு முடிச்சுகூடத் தெரியாது.

கடைசியாக ஒரு மறுப்பு. இதைத்தான் நான் மிகுந்த மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். நிழலுருவம் உழைப்பவரின் முகத்தை மறைக்கிறது, அதனால் அவருக்கு அது ஒரு பாதுகாப்பு. வெளிச்சத்தில் எடுப்பது அவரது வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் என்கிறார்கள். முகத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது; தூரத்திலிருந்து டெலி லென்ஸால் கறுப்பாக்கி எடுப்பவர் அந்த உரிமையை அவருக்குக் கொடுக்கவில்லை, அவரைக் கேட்காமலே எடுத்துவிட்டுக் கேட்க வேண்டிய தேவையையும் நீக்கிக்கொள்கிறார். வெயில் படும் பக்கத்தில் மூன்று மீட்டரில் நிற்பவர் கேட்டே ஆக வேண்டும். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்ற கேள்விக்கு வேண்டாம் என்று பதில் வந்தால் கேமராவை இறக்கிவிட வேண்டும். அப்போதும் படகு இருக்கிறது, வலை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லாத கைகள் இருக்கலாம். சரி என்றால், எடுத்ததை அங்கேயே திரையில் காட்டலாம்; அச்சிட்டு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். துறைமுகத்தில் படமெடுக்கத் தடை உள்ள பகுதிகள் உண்டு, அதையும் உள்ளே போகும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஊர், தேதி, படகின் வகை, வலையின் வகை, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதைப் படத்தோடு எழுதி வையுங்கள். வகை தெரியவில்லையென்றால் மறுநாள் போய் அதே அண்ணனிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.